ஒப்பீடு இல்லாத சோதனை: போடி மலையின் ஏலக் கணக்கு

போடிநாயக்கனூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி போடிமெட்டுக்குப் போனால் உயரம் மேலும் சுமார் 1,000 மீட்டர் கூடுகிறது. 1,000 மீட்டருக்கு வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அடிவாரத்தில் 38 டிகிரி காயும் பகலில் மெட்டில் 31.5 டிகிரி இருக்கும். ஏலச்செடி தாங்கும் வரம்பு 10 முதல் 35 டிகிரி வரை. அடிவாரம் அந்த வரம்புக்கு 3 டிகிரி வெளியே நிற்கிறது, மெட்டு 3.5 டிகிரி உள்ளே நிற்கிறது. செடி எங்கே வாழும் என்பதை முதலில் முடிவு செய்வது இந்த 6.5 டிகிரிதான்.

இந்தியாவில் ஏலம் பயிராகும் பரப்பு சுமார் 69,000 ஹெக்டேர். கேரளத்தில் சுமார் 39,000, கர்நாடகத்தில் 25,000, தமிழ்நாட்டில் 5,000 ஹெக்டேர். தமிழ்நாட்டின் பங்கு 7.2 சதவீதம்தான். ஆனாலும் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கும் இரண்டு ஊர்களில் ஒன்று போடி. மற்றொன்று இடுக்கி மாவட்டத்துப் புற்றடி. மலையின் இருபுறத்துக் காயும் இந்த இரு கூடங்களில் விலையாகிறது.

1987-88இல் நாட்டின் ஏலப்பரப்பு சுமார் 1,05,000 ஹெக்டேர், விளைச்சல் சுமார் 3,200 டன். மொத்தப் பரப்புக்கு வகுத்தால் ஹெக்டேருக்கு 30 கிலோ. 2017-18இல் பரப்பு சுமார் 69,000 ஹெக்டேராகச் சுருங்கியது, விளைச்சலோ சுமார் 20,600 டன். ஹெக்டேருக்கு 299 கிலோ. 30 ஆண்டுகளில் பரப்பு 34 சதவீதம் குறைய, ஒரு ஹெக்டேரின் விளைச்சல் ஏறத்தாழ 10 மடங்காகியிருக்கிறது.

இதில் ரகத் தேர்வுக்கும் பங்கு உண்டு. ஆய்வு நிலையங்கள் வெளியிட்ட ரகங்களில் பி.வி.-1 தரும் உலர்காய் ஹெக்டேருக்கு 260 கிலோ. கீழ்ப்பழனி மலையின் வடகரைப்பாறைப் பகுதிக்கு ஏற்றதெனப் பரிந்துரைக்கப்பட்ட ஐ.சி.ஆர்.ஐ.-4 தருவது 455 கிலோ, பி.வி.-2 தருவது 982 கிலோ. கலப்பினமான ஐ.சி.ஆர்.ஐ.-5 தருவது 1,543 கிலோ. முதலுக்கும் கடைசிக்கும் 5.9 மடங்கு இடைவெளி. இடுக்கி விவசாயி ஒருவர் தம் தோட்டத்திலேயே தேர்ந்தெடுத்த ஞள்ளானி ரகம் பரவியதும் இதே காலத்தில்தான். பாசனம், உரம், பூச்சிமருந்து ஆகியவையும் இதே ஆண்டுகளில் கூடின. ஆகவே 10 மடங்கில் ரகத்துக்கு எத்தனை, உரத்துக்கு எத்தனை என்று மொத்தக் கணக்கிலிருந்து பிரிக்க முடியாது.

தேர்வு தோட்டத்தில் மட்டும் நடப்பதில்லை, சல்லடையிலும் நடக்கிறது. ஆலப்பி பச்சை ஏலக்காயில் முதல் தரத்துக்குக் குறைந்த அளவு 7 மில்லிமீட்டர், லிட்டர் எடை (ஒரு லிட்டர் காயின் எடை) 435 கிராம். அடுத்த தரத்துக்கு 6 மில்லிமீட்டர், 415 கிராம். அதற்கடுத்த தரத்துக்கு 5 மில்லிமீட்டர், 385 கிராம். முதல் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் லிட்டர் எடையில் 13 சதவீத வேறுபாடு. பெரிய காய்க்கு விலை கூட என்றால், பெரிய காய் தரும் தூரிலிருந்தே அடுத்த கன்று எடுக்கப்படும். டார்வின் 1859இல் வெளியிட்ட நூலின் முதல் இயல் இத்தகைய செயற்கைத் தேர்வைப் பற்றியதே.

ஒரு காயில் 15 முதல் 20 விதைகள். தேனீ வழியே அயல் மகரந்தம் சேர்ந்த விதை ஒவ்வொன்றும் மரபில் வேறு. பக்கக் கன்று அப்படியல்ல, அது தாய்த் தூரின் நகல். விரைவுப் பெருக்க முறையில் ஒரு கன்றிலிருந்து 12 மாதங்களில் 32 முதல் 42 கன்றுகள் கிடைக்கும். குறைந்த எண்ணான 32ஐ எடுத்துக்கொண்டால் மூன்று ஆண்டுகளில் 32 × 32 × 32 = 32,768 கன்றுகள். 3 மீட்டருக்கு 3 மீட்டர் இடைவெளியில் ஒரு ஹெக்டேருக்கு 1,111 தூர்கள் என்பதால், ஒரே கன்று 29.5 ஹெக்டேரை நிரப்பிவிடும். இது தாளில் வரும் கணக்கு. என்றாலும் 29.5 ஹெக்டேரிலும் மரபு ஒன்றே.

ஏலப்பூ விடியலுக்கு முன் விரிந்து ஒரே நாளில் முடிந்துவிடும். பூக்கும் பருவத்தில் ஹெக்டேருக்கு 4 தேனீப் பெட்டிகள் வைக்கச் சொல்வது பரிந்துரை. அதாவது 278 தூர்களுக்கு ஒரு பெட்டி. காட்டு ஏலத்துக்கு முக்கியமாகத் தனித்து வாழும் தேனீக்களும், தோட்டத்து ஏலத்துக்குக் கூட்டமாக வாழும் தேனீக்களும் மகரந்தம் சேர்க்கின்றன என்று 2007இல் வெளியான மேற்குத் தொடர்ச்சி மலை ஆய்வு பதிவு செய்தது. தேனீயின் பங்கைச் சோதிப்பது எளிது. ஒரே தூரில் இரண்டு சரங்கள், ஒன்றுக்கு வலை, மற்றொன்று திறந்தபடி. இரண்டிலும் 50 பூக்களை எண்ணிப் பின்பு காய்களை எண்ண வேண்டும். நிழல், நீர், உரம், மரபு நான்கும் இரு சரங்களுக்கும் ஒன்றே. மாறுவது தேனீ மட்டும்.

2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம், அடுத்த கோடையில் வறட்சி. 2017-18இல் சுமார் 20,600 டன்னாக இருந்த விளைச்சல் 2019-20இல் சுமார் 11,200 டன்னானது. சரிவு 46 சதவீதம். 2019 ஆகஸ்டில் புற்றடியில் உச்ச விலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. 2020-21இல் விளைச்சல் மீண்டும் சுமார் 22,500 டன், இரு மடங்கு. சரிவுக்கு வானிலையே நேரடிக் காரணம். ஒரே மரபுள்ள தோட்டங்கள் கூடுதலாக இழந்தனவா என்ற கேள்விக்கு இந்த எண்களில் விடை இல்லை, அருகருகே வைத்து ஒப்பிடப் பல மரபுத் தூர்கள் நடப்படாததால்.

வலையிட்ட சரத்துக்கு ஒப்பீடாகத் திறந்த சரம் உண்டு. 30 ஆண்டுகளாக மலை முழுவதும் நடந்த ரகத் தேர்வு என்னும் சோதனைக்கு ஒப்பீடு இல்லை. ஹெக்டேருக்கு 1,111 தூர்களில் 5 சதவீதம் என்றால் 55 தூர்கள். மலபார், மைசூர், வழுக்கை ஆகிய பழைய வகைகளின் விதைக்கன்றுகளுக்கு அவற்றை ஒதுக்கி, காய் எடுப்பை மட்டும் தனியே எடைபோட்டு எழுதி வரலாம். தமிழ்நாட்டின் 5,000 ஹெக்டேரில் அதற்குத் தேவைப்படுவது 250 ஹெக்டேர்.