வெயிலும் தாய்மையும்: இடம்பெயர்ந்த குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

மண்சரிவு அபாயம் காரணமாக வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டு வெளியேறி, வெலிமடைப் பகுதியில் ஒரு பொது மண்டபத்தில் தங்கியிருந்த குடும்பங்களை நாம் சந்தித்தபோது, ஏழு மாதக் கர்ப்பிணியான ஒரு சகோதரி எம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "சாமி, விற்றமின் டி குளிசை வாங்கிக் குடிச்சா ஒப்பரேசன் இல்லாம புள்ள பொறக்கும்னு சொல்றாங்களே, நெசந்தானா?" அந்தக் குளிசைகளை வாங்குவதற்காக, எஞ்சியிருந்த ஒரேயொரு மோதிரத்தையும் அடகு வைக்க அவரது கணவர் எண்ணியிருந்தார்.

இக்கேள்வி அந்தச் சகோதரிக்கு மட்டும் உரியதல்ல. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதைந்த நாள் முதல், 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் வரை, ஊவாவின் மலைச்சரிவுகளில் வாழும் குடும்பங்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்திருக்கின்றன. அக்குடும்பங்களில் கர்ப்பிணித் தாய்மாரும் இருக்கிறார்கள். எனவே இவ்விடயத்தைச் சற்று விரிவாக நோக்குவோம்.

விற்றமின் டி என்ன செய்கிறது?

மற்றைய விற்றமின்களை நாம் பெரும்பாலும் உணவிலிருந்து பெறுகிறோம். விற்றமின் டியையோ வெயில் படும்போது எமது தோலே உண்டாக்கிக்கொள்கிறது. உணவிலுள்ள கல்சியத்தைக் குடல் உறிஞ்சுவதற்கு அது துணை செய்கிறது. அது குறைந்தால் வளரும் பிள்ளையின் எலும்பு வளைகிறது; வளர்ந்தோரின் எலும்பு மெலிகிறது; தசைகளும் சோர்வடைகின்றன.

பிரசவத்துடன் இதற்குள்ள தொடர்பு நெடுங்காலமாக அறியப்பட்டதாகும். புகைமண்டிய தொழிற்சாலை நகரமாக விளங்கிய ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில், வெயிலின்றி வளர்ந்த சிறுமியர் பலருக்கு எலும்பு வளைந்து இடுப்பு ஒடுங்கியது. அவர்கள் தாய்மாரானபோது பிள்ளை வெளிவர வழியிருக்கவில்லை. 1888ஆம் ஆண்டு வைத்தியர் மர்டொக் கமரூன் அந்நகரில் அத்தகைய ஒரு தாய்க்குச் சிசேரியன் சத்திரசிகிச்சை செய்து தாயையும் பிள்ளையையும் காப்பாற்றியமை மருத்துவ வரலாற்றில் முக்கிய நிகழ்ச்சியாகும். 1920களில் காஷ்மீரின் ஸ்ரீநகரில் பணியாற்றிய வைத்தியர் கத்லீன் வாகன், இருண்ட அறைகளுக்குள் முக்காட்டு வழக்கப்படி அடைபட்டிருந்த பெண்களே எலும்பு மெலிந்து பிரசவத்தில் துன்புற்றதையும், வயலிலும் படகிலும் உழைத்த ஏழைப் பெண்கள் அவ்வாறு துன்புறாததையும் கண்டு எழுதினார்.

அண்மைய ஆய்வுகள் கூறுவது

ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 253 தாய்மாரிடம் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. விற்றமின் டி மிகக் குறைந்திருந்தவர்களில் 100க்கு 28 பேருக்கும், ஏனையோரில் 100க்கு 14 பேருக்கும் முதன்முறையாகச் சிசேரியன் செய்யப்பட்டிருந்தது. இது பலரை வியக்கவைத்தது. ஆயினும் விற்றமின் டி குறைந்த தாய்க்கு வறுமை, நோய், உணவுக்குறைவு முதலியனவும் இருக்கக்கூடும். அவற்றுள் எது காரணம் என்று இத்தகைய ஆய்வினால் மட்டும் அறுதியிட முடியாது.

ஆகவே இங்கிலாந்தின் சவுதம்ப்டன், ஒக்ஸ்போர்ட், ஷெபீல்ட் நகரங்களில் 900க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நாளாந்தம் 1000 அலகு விற்றமின் டியும் மற்றப் பிரிவினருக்கு மருந்தற்ற குளிசையும் கொடுத்தனர். 2022இல் வெளியான முடிவின்படி, விற்றமின் பெற்றவர்களில் 100க்கு ஏறத்தாழ 66 பேரும் மற்றவர்களில் 58 பேரும் இயல்பாகப் பிரசவித்தனர். ஆயுதங்களின் உதவியுடன் பிள்ளையை எடுப்பது குறைந்திருந்தது. சிசேரியனோ இரு பிரிவிலும் ஏறக்குறைய சமமாகவே இருந்தது. அதாவது, அந்தச் சகோதரி செவிவழியாகக் கேட்ட செய்தியில் சிறிது உண்மையுண்டு. ஆனால் குளிசை குடித்தால் சத்திரசிகிச்சை இல்லை என்பது உண்மையன்று. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வழமையாக இக்குளிசையைக் கொடுக்கத் தேவையில்லை என்றே உலக சுகாதார நிறுவனமும் 2020இல் பரிந்துரைத்தது. குறைபாடு இருப்பதாக வைத்தியர் கருதினால் அவரே அளவறிந்து கொடுப்பார். அளவுக்கு மிஞ்சினால் இதுவும் நஞ்சாகும்.

எமது மலைநாட்டின் நிலை

வெயில் மிகுந்த எமது நாட்டில் இக்குறை வராது என்று எண்ண வேண்டாம். தென்னிந்தியாவின் மைசூரில், ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மிஷன் வைத்தியசாலையில் கர்ப்பிணிகளைச் சோதித்தபோது 100க்கு 66 பேருக்கு விற்றமின் டி போதியளவு இருக்கவில்லை. கருமை நிறத் தோலுக்குக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும். உடலை மூடிய உடையும் வெயிலைத் தடுக்கும்.

கொழுந்து பறிக்கும் பெண்ணும் உருளைக்கிழங்குப் பாத்திக்கு மண் அணைக்கும் பெண்ணும் முகத்திலும் கைகளிலும் வெயிலைப் பெறுகிறார்கள். இடம்பெயர்ந்து மண்டபத்துக்குள் வந்ததும் அது நின்றுவிடுகிறது. மறைப்பான முற்றம் இல்லாததால் கூச்சம் காரணமாகப் பெண்கள் உள்ளேயே இருக்கிறார்கள். பசுவும் கோழியும் கைவிட்டுப் போனதால் பாலும் முட்டையும் இல்லை.

இதைவிட ஆழமான ஒரு காரணமும் உண்டு. 2016ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப்புறப் பிள்ளைகளில் 100க்கு ஏறத்தாழ 32 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். நாடு முழுவதையும் எடுத்தால் இது 17 ஆகும். இன்று குட்டையாக வளரும் சிறுமி நாளை ஒடுங்கிய இடுப்புடன் பிரசவ அறைக்குச் செல்ல நேரிடலாம். ஆகையால் நல்ல பிரசவத்துக்கான ஆயத்தம் ஏழாம் மாதத்தில் வாங்கும் குளிசையில் அல்ல, பெண்பிள்ளையின் தட்டில் வைக்கும் உணவிலேயே தொடங்குகிறது.

நாம் செய்யக்கூடியவை

1. காலை இளவெயில் இதமானது; ஆயினும் அதில் விற்றமின் டி மிகக் குறைவாகவே உண்டாகும். உங்கள் நிழல் உங்களை விடக் குட்டையாக விழும் நேரமே பயன் தரும். பனிமூட்டம் கலைந்தபின், கைகளையும் கால்களையும் திறந்து, வாரத்தில் சில நாட்கள் ஏறத்தாழ அரை மணி நேரம் வெளியில் இருங்கள். தலையை மூடிக்கொள்ளலாம். தோல் எரியும்வரையோ தலைசுற்றும்வரையோ இருக்க வேண்டாம். கண்ணாடி யன்னலுக்குள் வரும் வெயிலால் இப்பயன் இல்லை.

2. முகாமின் ஒரு பக்கத்தில் படங்கினாலோ கிடுகினாலோ அடைத்து, மேலே கூரையில்லாத ஒரு முற்றம் அமையுங்கள். பெண்கள் அங்கே கூச்சமின்றி அமர்ந்திருக்கலாம். ஆண்கள் அரை நாள் சிரமதானமாக இதைச் செய்துவிடலாம்.

3. முட்டை, பால், முள்ளுடன் உண்ணும் நெத்தலி, குரக்கன், கீரை ஆகியவற்றில் கிடைப்பதைக் கர்ப்பிணிக்கும் பெண்பிள்ளைகளுக்கும் முதலில் கொடுங்கள். திரிபோஷா தாய்க்கென்று கொடுக்கப்படுவது; வீட்டிலுள்ள எல்லோருக்கும் பங்கிட வேண்டாம்.

4. கிளினிக்கில் இலவசமாகத் தரும் இரும்புச்சத்துக் குளிசையையும் கல்சியத்தையும் ஒரே நேரத்தில் விழுங்க வேண்டாம். இரும்புச்சத்துக் குளிசையுடன் தேத்தண்ணீரும் குடிக்க வேண்டாம்.

5. கிளினிக் அட்டை மண்ணோடு போயிருந்தாலும், தங்கியிருக்கும் இடத்துக் குடும்பநல மருத்துவிச்சியிடம் உடனே பதிவு செய்யுங்கள். மழைக்காலத்தில் பாதை தடைப்படும் இடமாயின், பிரசவத் திகதிக்கு முன்னரே வைத்தியசாலையில் தங்க முடியுமா என்று அவரிடம் கேளுங்கள்.

சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் அஞ்ச வேண்டாம். பிள்ளை குறுக்கே கிடந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறினாலோ அதுவே உயிர்காக்கும் வழி. அரசாங்க வைத்தியசாலையில் அது இலவசமாகவே செய்யப்படுகிறது. சிசேரியன் செய்துகொண்ட தாயை "முக்கத் தெரியாதவள்" என்று ஏளனம் செய்யும் வழக்கம் எம்மத்தியில் இன்னும் உண்டு. அதை நாம் விட்டொழிக்க வேண்டும்.

அந்தச் சகோதரியின் கணவரிடம், மோதிரத்தை அடகு வைக்க வேண்டாம், அப்படியே வைத்தாலும் அப்பணத்தில் முட்டையும் பாலும் வாங்குங்கள் என்றோம். ஆனால் இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் கர்ப்பிணிக்கு முட்டை வாங்க மோதிரத்தை நம்பியிருப்பது முறையா என்பதை முகாம்களை நடத்துவோரும், நிவாரணம் வழங்குவோரும், பங்குச் சபைகளும் சிந்திக்க வேண்டும். அரிசியும் பருப்பும் மட்டும் அடங்கிய பொதி தாய்மாருக்குப் போதாது.

கருவுற்றிருந்த எலிசபெத்துக்கு உதவ மரியாள் மலைநாட்டுக்குப் போய் மூன்று மாதம் தங்கியிருந்ததை நாம் செபமாலையில் தியானிக்கிறோம். எம் மலைநாட்டிலும் அடுத்த பாயில் படுத்திருக்கும் கர்ப்பிணியின் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக் கொடுப்பதும், கிளினிக் நாளில் அவளுடைய மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் அதே பணிதான். அதை இன்றே தொடங்குவோம்.