அறிவியலை நம்ப என்ன வேண்டும்? பரங்கிப்பேட்டைக் கடற்கரை சொல்லும் விடை

கொரோனா பெருந்தொற்றுக்குப் பிறகு, ‘மக்களுக்கு அறிவியல்மீது நம்பிக்கை குறைந்துவருகிறது’ என்ற கவலை உலகெங்கும் பேசப்படுகிறது. தடுப்பூசிக்குத் தயங்குபவரும், ஆலை வேண்டாம் என்று போராடுபவரும், அதிகாரி காட்டும் ஆய்வறிக்கையை ஏற்க மறுப்பவரும் அறியாமையில் உழல்பவர்கள் என்பதே இதற்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம். நாம் இதை அப்படியே ஏற்பதற்கில்லை. நம்ப மறுப்பவர் யார், எந்த அனுபவத்தின் வழியாக அவர் அந்த ஐயத்தை வந்தடைந்தார் என்று கேட்காமல் அவர்மீது பழி சுமத்துவதும் அறிவியலுக்குப் புறம்பானதே.

இதை விளக்க நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இயங்குகிறது. அதற்குத் தெற்கே பிச்சாவரம் அலையாத்திக் காடு இருக்கிறது. காட்டை ஒட்டி இருளர்களும் மீனவர்களும் தலித்துகளும் வாழ்கிறார்கள். வல்லுநரும் விளிம்புநிலை மக்களும் ஒரே கரையில் வாழும் இந்த இடத்தில் நடந்தவை, நம்பிக்கை எப்போது உருவாகிறது, எப்போது உடைகிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

காட்டை அழித்தது யார்?

பிச்சாவரம் காடு சிதைந்ததற்கு உள்ளூர் மக்களே காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இங்கு மேற்கொண்ட ஆய்வு வேறொரு உண்மையை வெளிக்கொணர்ந்தது. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மரங்களை ஒட்டுமொத்தமாக வெட்டியெடுக்கும் முறையை அரசின் வனத்துறையே பல பத்தாண்டுகள் கடைப்பிடித்திருந்தது. மரம் இழந்த சதுப்பு நிலம் வெயிலில் காய்ந்து தாழ்ந்தது, தொட்டிபோல் குழிந்தது. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாயிற்று. உப்பு மிகுந்த மண்ணில் இளங்கன்றுகள் பிழைக்கவில்லை.

காரணம் தெரிந்ததும் தீர்வும் தெரிந்தது. மீன்முள் வடிவில் பெரிய வாய்க்காலும் கிளை வாய்க்கால்களும் வெட்டி, ஓதநீர் வந்துபோக வழி செய்யப்பட்டது. பிறகு வெண்கண்டல் கன்றுகள் நடப்பட்டன. இப்பணியில் உள்ளூர் மக்களும் வனத்துறையும் சேர்ந்து உழைத்தார்கள். 1986-ஆம் ஆண்டின் செயற்கைக்கோள் படத்தை 2002-ஆம் ஆண்டின் படத்தோடு ஒப்பிட்டபோது, காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 சதவீதம் கூடியிருந்தது.

இங்கே அறிவியல் எளிய மக்களின்மேல் இருந்த பழியைத் துடைத்தது. ஆனால் அந்தப் பழியை அதுவரை சுமந்தவர்களில், வலைகூட இல்லாமல் நீரில் அமிழ்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் அடங்குவர். அவர்களுக்கு ‘நிபுணர்’ என்ற சொல் முதலில் குற்றம் சாட்டியவரின் பெயராகவே அறிமுகமாயிற்று. அவர்களது தயக்கத்தை அறியாமை என்பது எப்படி நியாயமாகும்?

பதினெட்டுக் குப்பங்களும் ஒரு விவாதமும்

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. பரங்கிப்பேட்டை ஆய்வாளர்களான க. கதிரேசனும் ந. ராஜேந்திரனும் இக்கரையில் 18 மீனவக் குப்பங்களின் இழப்புகளைத் தொகுத்து, 2005-இல் பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வெளியிட்டார்கள். கடலோரத் தாவரப் பரப்பு மிகுந்த இடங்களிலும், கடலிலிருந்து தள்ளி மேடான நிலத்தில் அமைந்த குடியிருப்புகளிலும் இழப்பு குறைவு என்பது அவர்களது முடிவு. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், மேட்டில், அடர்ந்த அலையாத்திகளுக்குப் பின்னால் மக்கள் குடியிருப்பது நல்லது என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள்.

அடுத்த ஆண்டே கெர், பெய்ர்டு, கேம்பெல் ஆகிய மூவர் அதே தரவுகளை மறுபடி கணக்கிட்டு மறுப்பு எழுதினார்கள். தொலைவும் உயரமும் சமமாக இருக்கும் குப்பங்களை ஒப்பிட்டால், தாவரப் பரப்பினால் உயிரிழப்பில் வேறுபாடு தெரியவில்லை என்பது அவர்கள் வாதம். வேறு இருவர் அதே எண்களை மூன்றாம் முறை ஆராய்ந்து அலையாத்திக்கு ஆதரவாக எழுதினார்கள்.

‘நிபுணர்களே ஒத்துப்போகவில்லையே, எவரை நம்புவது?’ என்று கேட்கத் தோன்றும். நாம் இதை வேறு விதமாகப் பார்க்கிறோம். முதல் ஆய்வாளர்கள் தங்கள் எண்களைப் பொதுவில் வைத்ததால்தான் பிறரால் சரிபார்க்க முடிந்தது. மாறுபட்ட கருத்தைச் சொன்னவர்கள் தண்டிக்கப்படவில்லை. அறிவியல் நம்பிக்கைக்குரியதாவது இந்தத் திறந்த தன்மையினாலேயே. எந்தத் தனிமனிதரின் பட்டமும் பதவியும் அதற்கு ஈடாகா.

அட்டவணையில் இல்லாதவை

ஆனால் அந்த விவாதம் முழுவதிலும் எழாத ஒரு கேள்வி நமக்கு உண்டு. தொலைவும் உயரமும் உயிரைக் காக்கும் என்றால், மேட்டு நிலம் யாருக்குக் கிடைக்கிறது? நம் ஊர்களில் ஊர் மேட்டிலும் சேரி பள்ளத்திலும் இருப்பது தற்செயல் அன்று. மழைநீர் முதலில் புகும் இடத்தில் சேரி அமைந்ததற்குக் காரணம் நிலவுடைமையும் தீண்டாமையும். ஆய்வு அட்டவணையில் ‘உயரம்’ என்பது மீட்டரில் குறிக்கப்படும் ஓர் எண். வாழ்க்கையில் அது பல இடங்களில் சாதியின் அளவுகோலும் ஆகும்.

குடியிருப்பைக் கரையிலிருந்து தள்ளி அமைக்க வேண்டும் என்ற எண்ணம் நிர்வாகத்திலும் அப்போது வலுவாக இருந்தது. தமிழ்நாடு அரசு 2005 மார்ச் 30 அன்று வெளியிட்ட அரசாணை 172-இன்படி, கரையிலிருந்து 200 மீட்டருக்குள் சேதமடைந்த வீடுகளின் உரிமையாளர்கள் அதற்கு அப்பால் புது வீடு பெறலாம். அங்கேயே தங்க விரும்புவோர் வீட்டுக்கான அரசு உதவியை இழப்பர். கடலையே நம்பிப் பிழைப்பவருக்கு இது எளிய தெரிவு அன்று.

நிவாரணம் பெரும்பாலும் ‘மீனவர்’ என்ற வரையறையைச் சுற்றியே வழங்கப்பட்டது. படகு இல்லாமல் கூலிக்குச் சென்ற தலித்துகளும், உப்பங்கழியில் பிழைத்த இருளர்களும் கணக்கெடுப்பில் விடுபட்டதையும் முகாம்களில் ஒதுக்கப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகள் 2005-இலேயே பதிவு செய்தன. எண்ணப்படாதவர், எண்களை நம்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

மூக்கும் வாளியும்

இதே மாவட்டத்தில், கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில் 1980-களில் தொடங்கப்பட்ட சிப்காட் தொழிற்பேட்டை உள்ளது. வேதித் தொழிற்சாலைகளின் நாற்றத்தைப் பற்றி ஈச்சங்காடு, குடிகாடு, சொன்னஞ்சாவடி போன்ற ஊர்களின் மக்கள் புகார் சொன்னபோதெல்லாம், சான்று எங்கே என்றே கேட்கப்பட்டது. 2004-இல் அவர்களில் சிலர் காற்றின் மாதிரியை எடுக்கப் பயிற்சி பெற்றார்கள். சாதாரண பிளாஸ்டிக் வாளியும் அதனுள் ஒரு பையும்தான் கருவி. நாற்றம் வீசிய நேரத்தில் பிடித்த காற்று அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டது. புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வேதிப்பொருள்கள் அதில் இருந்தது உறுதியாயிற்று. சில ஆண்டுகளுக்குப் பின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமும் (நீரி) இங்கே வசிப்போருக்குப் புற்றுநோய் அபாயம் பன்மடங்கு கூடுதல் என்று சொன்னது.

இந்த மக்கள் அறிவியலுக்கு எதிரானவர்களா? அவர்கள் ஆய்வு முறையைக் கைவிடவில்லை. அதைத் தாமே கையில் எடுத்தார்கள்.

நாம் கேட்பது என்ன?

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 51-அ(எச்) பிரிவு கூறுகிறது. கடமை ஒரு வழிப்பாதை அல்ல. அண்ணல் அம்பேத்கரின் மரபில் வந்த நாம், சாத்திரம் சொன்னதால் எதையும் ஏற்பதில்லை. நிபுணர் சொன்னார் என்பதற்காக மட்டும் ஏற்பதும் அதே வகைக் கீழ்ப்படிதலே.

ஓர் ஆய்வு நம் வாசலுக்கு வரும்போது நான்கு கேள்விகளைக் கேட்போம். யாரை எண்ணினார்கள், யாரை விட்டார்கள்? தரவுகள் பொதுவில் உள்ளனவா? பரிந்துரையின் சுமை யார் தலையில் விழுகிறது? பாதிக்கப்படுவோர் ஆய்வில் பங்கேற்றார்களா?

இன்றும் ஒரு பெருந்திட்டத்துக்கான பொதுக் கருத்துக் கேட்பில் தமிழில் கிடைப்பது சுற்றுச்சூழல் அறிக்கையின் சுருக்கம் மட்டுமே. முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. முழு அறிக்கையையும் தமிழில் தரட்டும். அதைச் சேரிக்கும் இருளர் குடியிருப்புக்கும் கொண்டுவந்து விளக்கட்டும். பாதிப்பின் கணக்கில் எந்தச் சமூகம் எந்த நிலத்தில் வாழ்கிறது என்பதையும் சேர்க்கட்டும். அதன் பிறகும் மக்கள் நம்பவில்லை என்றால், அப்போது மக்களின் அறியாமையைப் பற்றிப் பேசலாம்.