எடின்பரோ வாலிபர்களின் பகிஷ்காரம்

ஸ்காட்லாந்திலுள்ள எடின்பரோ நகரத்து 'யங் பாதர்ஸ்' கோஷ்டியார் மூவர்: ஒருவர் லைபீரியாவில் பிறந்தவர், ஒருவர் நைஜீரியப் பெற்றோரின் புதல்வர், மற்றவர் வெள்ளையர். 'ஹிப் ஹாப்' என்னும் பேச்சுப்பாட்டில் முரசொலியும் கூட்டுக் கானமும் கலந்து, 'டெட்' என்ற தமது முதல் முழு இசைத்தட்டை 2014-ம் வருஷம் வெளியிட்டனர். வாங்கியோர் சொற்பமே. ஆயினும் அவ்வருஷத்து மெர்க்குரி பரிசும் 20,000 பவுனும் அதற்கே கிடைத்தன.

அன்றிரவு வலதுசாரிப் பத்திரிகைகளுடன் பேச அவர்கள் மறுத்தனர். முகத்தில் சிரிப்பில்லை என்று குறை கூறப்பட்டது. பரிசு பெற்றவன் பல்லிளிக்க வேண்டுமென்பது எந்தச் சாஸ்திரமோ! வந்தேறிகளென்று ஏசும் ஏடுகளுக்கு, குடியேறிய வீட்டுப் பிள்ளைகள் உபசாரமாகப் பேட்டியளிக்க வேண்டுமா? இப்பகிஷ்காரத்தை நாம் குற்றமெனக் கொள்ளோம். அடுத்த வருஷம் வெளிவந்த அவர்களது இரண்டாம் தட்டின் பெயர், 'வெள்ளையரும் கறுப்பரே' எனப் பொருள்படுவது.