உலோக இசையும் கட்டை வாத்தியமும்

ஓர் இசை மரபுக்குள் அயலான வாத்தியம் ஒன்று புகுமானால், அம்மரபு வளம் பெறுமா, கெட்டுவிடுமா? இக்கேள்வி நமக்குப் புதிதன்று. சுரங்களுக்கிடையே வழுக்கிச் செல்லும் கமகம் ஹார்மோனியத்தில் பிறவாது என்பது முதலிய காரணங்களால், அகில இந்திய வானொலி 1940-ஆம் ஆண்டில் அவ்வாத்தியத்தை விலக்கிவைத்தது. 1971-இல்தான் அத்தடை ஓரளவு தளர்ந்தது. நாடகக் கொட்டகையில் ஹார்மோனியம் கேட்டு வளர்ந்த தமிழர்கள் அத்தடையின் கடுமையை நன்கு உணர்வர். இதே வழக்கு, நம்மவர் பெரும்பாலோர் கேட்டறியாத வேறோர் இசையிலும் எழுந்தது.

'பிளாக் மெட்டல்' என்பது அவ்விசையின் பெயர். இங்கிலாந்தின் 'வெனம்' என்ற குழு 1982-இல் வெளியிட்ட இசைத்தட்டின் பெயரே அதற்கு வழங்கலாயிற்று. எனினும் அது தனி உருப்பெற்றது 1990-களின் தொடக்கத்தில், நார்வே நாட்டில். மின்சாரக் கிதாரை இடைவிடாது அதிவேகமாக மீட்டுதல், ஓயாத முரசடி, பாட்டென்று கூறவியலாத அலறற் குரல், வேண்டுமென்றே கரடுமுரடாக விடப்பட்ட ஒலிப்பதிவு ஆகியவை அதன் இலக்கணம். கட்டை வாத்தியம் சேர்ந்தாலும், பெரும்பாலும் பனிமூட்டம்போலப் பின்னணியில் நிற்கும். அக்கூட்டத்தாருள் சிலர் தேவாலயங்களுக்குத் தீயிட்டனர்; 1993-இல் ஒரு கொலையும் நிகழ்ந்தது. இக்குற்றங்களை மறைத்துவிட்டு அவ்விசையைப் பேசுதல் முறையாகாது.

ஜப்பானின் தலைநகரான டோக்கியோவில் இவ்விசையைப் பயின்றோர் 'ஸை' என்ற குழுவினர். பெருமூச்சு என்பது அப்பெயரின் பொருள். அவர்களுடைய முதல் ஆல்பம் 1993-இல் ஒரு நார்வே நிறுவனத்தின் வாயிலாகவே வெளிவந்தது. அவர்களே 2001-இல் 'இமாஜினரி ஸானிக்ஸ்கேப்' என்ற ஆல்பத்தை வெளியிட்டனர். அதனைக் 'கற்பனை ஒலிவெளி' என மொழிபெயர்க்கலாம். பாடுவதுடன் கட்டை வாத்தியங்களையும் வாசித்தவர் மிராய் கவாஷிமா. அவர் எடுத்துக்கொண்டவை பழைய வாத்தியங்கள். அவற்றின் இயல்பைச் சிறிது காண்போம்.

முதலாவது ஹாமண்ட் ஆர்கன். 1935-இல் விற்பனைக்கு வந்த இதனுள், பல் வைத்த உலோகச் சக்கரங்கள் காந்தங்களின் முன் சுழன்று ஒலிக்குரிய மின்னலைகளை எழுப்புகின்றன. பெருங்குழல் ஆர்கன் வாங்க வசதியற்ற தேவாலயங்கள் இதனை விரும்பி வாங்கின. தேவாலயத்தைப் பகைத்த ஓர் இசைக்குள் அவ்வாத்தியமே வந்து அமர்ந்தது வியப்பன்றோ! இரண்டாவது ரோட்ஸ் பியானோ. இதில் சிறு சுத்தியல் மெல்லிய உலோகக் கம்பியைத் தட்ட, மணியோசை போன்ற இனிய நாதம் பிறக்கிறது. மூன்றாவது, 1970-இல் தோன்றிய மினிமூக். இது நாகசுரத்தைப்போல ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே ஒலிக்கும். ஆயினும் பக்கத்திலுள்ள சக்கரத்தை உருட்டினால் சுரம் வளைந்து நெகிழும். ஹார்மோனியத்தின்மேல் நாம் சாட்டிய குறை இவ்வாத்தியத்துக்கு இல்லை.

இவ்வாத்தியங்கள் இங்கே பின்னணியில் ஒதுங்கி நிற்கவில்லை. கிதாரோடு சரிநிகராக முன்வந்து பேசுகின்றன. அலறற் குரல் அடங்குமுன்னரே நடன அரங்கின் களிப்பு எட்டிப்பார்க்கிறது. மறுகணமே அச்சம் திரும்புகிறது. பத்து நிமிடங்களுக்கு மேல் நீளும் 'ஸ்லாட்டர்கார்டன் ஸூட்' என்ற பகுதியில் இம்மாற்றங்களை நன்கு கேட்கலாம். களிப்பின் பக்கத்தில் நிற்பதனாலேயே அச்சம் மிகுதியாகத் தைக்கிறது. அயல் வாத்தியம் இங்கே மரபின் நோக்கத்துக்கே துணை செய்தது என்பது எம் கருத்து.

பிறந்த மண்ணைவிட்டு வெளி மாநிலங்களில் வாழும் நாம், ஊரிலிருப்போரைக் காட்டிலும் மரபைக் கண்டிப்பாகக் காக்க முற்படுகிறோம். நம் வீட்டுப் பிள்ளை கீர்த்தனையைக் கீபோர்டில் வாசித்தால் முகம் சுளிக்கிறோம். சுளிக்குமுன் ஒருமுறை முழுதும் கேட்போம். இராகம் உருக்குலைந்திருந்தால் திருத்துவோம். உயிரோடிருந்தால் வாத்தியத்தின் பிறப்பை விசாரிக்க வேண்டுவதில்லை.