சுத்துங்க பாஸ்... துளி கிடைக்கும்!

பழனி தைப்பூசக் கூட்டத்துல பஞ்சு மிட்டாய் மிஷினை உத்துப் பார்த்திருக்கீங்களா? நடுவுல சர்க்கரை உருகுது. கிண்ணம் விர்ருனு சுத்துது. பாகு சின்னச் சின்ன ஓட்டை வழியா வெளியே பாய்ஞ்சு, காத்துல ஆறி நூலாகுது. 1897-ல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் இந்த மிஷினை உருவாக்கிய இரண்டு பேரில் ஒருத்தர், வில்லியம் மாரிசன். அவர் தொழில் என்ன தெரியுமா? பல் டாக்டர்! (காமெடி இல்லைங்க, நிஜம்.)

அதே சுழற்சியை வைத்து, நூலுக்குப் பதிலா முடி கனத்துக்குத் துளிகளும் மணிகளும் செய்யறதுதான் நம்ம மேட்டர். பேரு, சென்ட்ரிஃபியூகல் மைக்ரோஃப்ளூயிடிக்ஸ். பேரைக் கேட்டு மிரள வேண்டாம். ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ் ஞாபகம் இருந்தா போதும்.

குழாயடி ஃபிசிக்ஸ்

ஹாஸ்டல்ல சரியா மூடாத குழாயைக் கவனிங்க. துளி உடனே விழாது. பரப்பு இழுவிசை அதை இழுத்துப் பிடிச்சு வைக்கும். எடை அந்தப் பிடியை மிஞ்சினதும்தான் 'சொட்'! அப்போ இன்னும் குட்டித் துளி வேணும்னா? துளி சின்னதா இருக்கும்போதே அதன் எடையைக் கூட்டணும். பூமியின் ஈர்ப்பை நாம கூட்ட முடியாது. ஆனா சுத்தலாமே!

மையத்திலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி ஒரு பொருளை வைத்து, நிமிஷத்துக்கு 3,000 சுற்று விட்டால், அது தன் எடையைப்போல சுமார் 500 மடங்கு கனமா நடந்துக்கும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் விசை நாலு மடங்காகும். எடை 1,000 மடங்கானால், அதே மெல்லிய முனையிலிருந்து சொட்டும் துளியின் கன அளவு ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். விட்டம் பத்தில் ஒன்று. 0.1 மில்லிமீட்டர் துளியா உடைச்சா, ஒரே ஒரு மில்லி திரவத்திலிருந்து சுமார் 19 லட்சம் துளி!

இதனால யாருக்கு லாபம்?

வழக்கமா நுண்துளி செய்யணும்னா பம்ப், டியூப் எல்லாம் வேணும். டியூபுக்குள்ளேயே பாதி மருந்து தங்கிடும். சுத்துற தட்டுல அந்தத் தொல்லை இல்லை. சில சொட்டு சாம்பிள் இருந்தாலே வேலை நடக்கும். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் சுழலும் தட்டில் எண்ணெய்க்குள் நீர்த்துளிகளை வரிசையா உருவாக்கிக் காட்டினார்கள். 2008-ல் உயிருள்ள செல்களையே ஆல்ஜினேட் மணிக்குள் அடைத்தார்கள். 2012-ல் டோக்கியோ பல்கலைக்கழகக் குழு இன்னும் ஒருபடி மேலே போனது. பல வாய் கொண்ட கண்ணாடிக் குழலை சென்ட்ரிஃபியூஜுக்குள் வைத்து, ஒரே மணிக்குள் பல அறைகளை உருவாக்கியது. ஒரு அறையில் மருந்து, பக்கத்து அறையில் காந்தத் துகள்னு கலக்கலாம்.

அந்த ஆல்ஜினேட் எங்கிருந்து வருது? பழுப்புக் கடற்பாசியிலிருந்து. நம்ம மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் சர்காசம், டர்பினேரியா பாசிகளில் இருக்கிற அதே சரக்குதான்!

ஆயக்குடிக்கு வாங்க

பழனிக்குப் பக்கத்து ஆயக்குடின்னாலே கொய்யாதான். சீஸன்ல வரத்து குவியும், விலை சரியும். பறிச்ச பழம் ரெண்டு மூணு நாளில் குழைஞ்சுடும். சரி, கொய்யாச் சாறை வடிகட்டி, சோடியம் ஆல்ஜினேட் கலந்து, கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டு விட்டால்? தொட்டதும் தோல் கட்டி மணியாகும். சிரிஞ்சால் சொட்டினா ஜவ்வரிசி சைஸ். சென்ட்ரிஃபியூஜில் விட்டால் ரவை சைஸ், அதைவிடச் சின்னது.

உண்மையைச் சொல்லிடுவோம். டன் கணக்கில் இறங்கும் கொய்யாவை இந்தக் குட்டி மிஷின் காப்பாத்தாது. அதுக்குக் குளிர்பதனக் கிடங்கும் பழக்கூழ் ஆலையும்தான் வேணும். ஆனா ஆலை போடறதுக்கு முன்னாடி விடை தெரிய வேண்டிய கேள்விகள் இருக்கு. மணிக்குள் போன வைட்டமின் சி எத்தனை நாள் தாங்கும்? மணி செய்யும்போதே எவ்வளவு கால்சியம் தண்ணிக்கு ஓடிடும்? மணி சின்னதாக ஆக, எடைக்கு எடை மேற்பரப்பு கூடும். சத்து வேகமா கசியும். அப்போ எந்த சைஸ் சரி? அயோடின் டைட்ரேஷன் தெரிஞ்ச பி.எஸ்சி. மாணவர் இதை காலேஜ் லேப்லயே அளந்துடலாம். உள்ளூர்ப் பழம், உள்ளூர்க் கேள்வி. இதைவிட நல்ல ப்ராஜெக்ட் டாபிக் எங்கே கிடைக்கும்?

காசு இல்லையேனு கவலையா?

2010-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக மாணவிகள் இரண்டு பேர், கீரையைச் சுற்றி நீர் வடிக்கும் கிச்சன் சாமானை வைத்து, சுமார் 30 டாலரில் ரத்தம் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் செய்தார்கள். ரத்தசோகை கண்டுபிடிக்க! 2017-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த மனு பிரகாஷின் ஸ்டான்ஃபோர்டு குழு, பேப்பரும் நூலும் வைத்து 'பேப்பர்ஃபியூஜ்' செய்தது. விலை 20 சென்ட். வேகம் நிமிஷத்துக்கு 1,25,000 சுற்று. கரன்ட் தேவையே இல்லை. சோடா மூடியைத் தட்டையாக்கி, ரெண்டு ஓட்டை போட்டு, நூல் கோத்து 'விர்... விர்'னு இழுத்து விளையாடினோமே, அதே டெக்னிக்!

இறங்குறதுக்கு முன்னாடி மூணு விஷயம். எதிரெதிர் டியூபுகளின் எடை சமமா இருக்கணும். இல்லாட்டி மிஷின் ஆட்டம் போடும். சுத்தி முழுசா நிக்கிற வரைக்கும் மூடியைத் திறக்கக் கூடாது. லேப்ல செய்த மணியை வாயில போட்டுப் பார்க்கக் கூடாது, எவ்வளவு கொய்யா வாசனை வந்தாலும்! மத்தபடி, லேப் அசிஸ்டென்ட் அண்ணன்கிட்ட சென்ட்ரிஃபியூஜ் எப்போ ஃப்ரீயா இருக்கும்னு நாளைக்கே கேட்டுடுங்க.