அசையாத விரலும் பேசும்

இடது கையால் உங்கள் வலது முழங்கைக்குச் சற்றுக் கீழே பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது வலது கை விரல்களை மடக்கி மடக்கி விரியுங்கள். பிடித்த இடத்தில் தோலுக்கடியில் ஏதோ நெளிகிறது அல்லவா? விரல்களை இழுத்து மடக்கும் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன. மூளை இடும் கட்டளை நரம்பு வழியாக அவற்றுக்கு வருகிறது.

பக்கவாதம் வந்தவரின் கையில் எந்தக் காயமும் இருக்காது. மூளைக்குள் ரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ, கையை இயக்கும் பகுதி பாதிக்கப்பட்டிருக்கும். ஆனால் விடாமல் பயிற்சி செய்தால், மூளையில் மிச்சமிருக்கும் நரம்புச் செல்கள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும். அதற்கு ஒரே அசைவை நூற்றுக்கணக்கான தடவை செய்துபார்க்க வேண்டும்.

விரல் அசையவே இல்லை என்றால்? அப்போதும் கட்டளை ஓரளவு தசையை எட்டினால், அங்கே ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவோ அதற்கும் குறைவாகவோ மின்சாரம் எழும். தோலில் ஒட்டிய சென்சார் அதைப் பிடித்துவிடும், திரையில் ஒரு கோடு எழும்பும். ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று சோர்ந்திருந்த தாத்தா தன் முயற்சியைத் தன் கண்ணாலேயே பார்ப்பார். இந்த மறுவாழ்வுச் சிகிச்சைத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கை சிறிது அசையத் தொடங்கியதும் ரோபோக்கள் துணைக்கு வரும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவான மானஸ் என்ற ரோபோ 1990களிலேயே இப்படி உதவியது. வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து உருவாக்கியது புளூட்டோ. இதில் ஒரே ஒரு மோட்டார்தான். கைப்பிடியை மாற்றி மாட்டினால் மணிக்கட்டை மடக்கலாம், முன்கையைத் திருப்பலாம், விரல்களை விரிக்கலாம். கை எவ்வளவு திரும்பியது என்று சென்சார் அளக்க, அதற்கேற்பத் திரையில் விளையாட்டு நகரும்.

கை பாதியில் நின்றால் மீதித் தூரத்துக்கு மோட்டார் உதவும். முழுவதையும் அதுவே செய்துவிட்டால் மூளை சும்மா இருந்துவிடும். அரிசியில் விரல் பிடித்து எழுதப் பழக்கும் ஆசிரியர், குழந்தையின் விரல் தானாக நகரும்போது பிடியைத் தளர்த்துவார் இல்லையா, அதுபோலத்தான்.

பயிற்சியில் நன்றாக அசையும் கையைக்கூட வீட்டில் பலர் மறந்துவிடுகிறார்கள், எல்லாவற்றையும் நல்ல கையே செய்துவிடுகிறது. அதனால் இரண்டு மணிக்கட்டிலும் கடிகாரம்போலத் தலா ஒரு சென்சார் கட்டி, எந்தக் கை எவ்வளவு அசைந்தது என்று ஒப்பிடுவார்கள். அதைப் பார்த்துத்தான் பிசியோதெரபிஸ்ட் சொல்வார்: “நாளையிலிருந்து டம்ளரை இந்தக் கையால எடுங்க தாத்தா.”