கால் தடித்தால் நாற்காலி நிற்குமா?

டீ ஆறுவதற்குள் நாம் ஒரு நாற்காலி செய்துவிடலாம், பேச்சில்தான். சாப்பாட்டு மேசைக்கான மர நாற்காலி. பூவேலை வேண்டாம், மெத்தை வேண்டாம். நான்கு கால், உட்கார ஒரு பலகை, முதுகுக்கு ஒரு சாய்வு, இவற்றைக் கோக்கும் சட்டங்கள், அவ்வளவுதான்.

முதலில் அளவு. மேசை 75 செ.மீ. உயரம் என்றால் இருக்கை 45 செ.மீ. என்பது கடைக்கணக்கு. நம்மில் பலருக்கு அது கொஞ்சம் உயரம். பாதம் தரையில் முழுதாகப் படியாது, பலகையின் முன்விளிம்பு தொடையை அழுத்தும். 42 போதும், மேசையையும் அதே அளவு இறக்கிவிட்டால். நாற்காலியிலும் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால் கைப்பிடி வைக்காமல் அகலத்தைக் கூட்டுங்கள்.

இனி எல்லோரும் சறுக்கும் இடம். பலமான நாற்காலி வேண்டுமென்றால் ஆசாரியிடம் என்ன சொல்கிறோம்? "காலைத் தடியா போடுங்க." ஆனால் காலுக்கு அந்தக் கவலையே இல்லை. 3 செ.மீ. சதுரமுள்ள நல்ல தேக்குக் கால், நேராக ஏற்றினால், தனியாகவே ஒரு டன்னுக்கு மேல் தாங்கும். நம் எடை அதற்கு ஒரு பொருட்டல்ல.

பிறகு ஏன் நாற்காலி ஆடுகிறது? சாப்பிட்டு முடித்ததும் நாம் பின்னால் சாய்கிறோம். அப்போது சாய்வோடு ஒரே கட்டையாக இருக்கும் பின்கால், பாறையைப் பெயர்க்கும் கடப்பாரையாகிவிடுகிறது. இருக்கைக்கு 40 செ.மீ. மேலே முதுகு 20 கிலோ அழுத்துகிறது என்று வைப்போம். இருக்கைக்கு அடியில் உள்ள சட்டத்தின் உயரம் 5 செ.மீ. நாற்பதில் ஐந்து எட்டு முறை. ஆக பின்காலும் இந்தச் சட்டமும் சேரும் மூட்டைப் பிளக்கும் இழுவை ஏறக்குறைய 160 கிலோ, பக்கத்துக்கு 80. காலை எவ்வளவு தடிமனாக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. சட்டத்தின் உயரத்தை 10 செ.மீ. ஆக்கினால் இழுவை பாதியாகிவிடும். கால்களுக்கிடையில் கீழே இன்னொரு குறுக்குச் சட்டம் கொடுத்தால் இன்னும் குறையும்.

பொதட்டூர்பேட்டை போன்ற நெசவு ஊர்க்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. கைத்தறியில் ஊடை நூலை நெருக்கும் பலகையை இழுத்து அடிக்க அடிக்க, தறியின் மரச்சட்டமும் முன்னும் பின்னும் ஆட்டம் வாங்குகிறது. அங்கும் முதலில் தளர்வது மூட்டுதான்.

எளிய வடிவம் செலவு குறைந்தது என்ற எண்ணமும் இங்கேதான் உடைகிறது. ஒவ்வொரு சட்டத்தை எடுக்கும்போதும் அதன் சுமை மிச்சமுள்ள மூட்டுக்குப் போகிறது. அந்த மூட்டுக்குக் கழுந்து வேண்டும்: ஒரு கட்டையின் நுனியை நாக்குபோல் செதுக்கி, மற்றதில் துளைத்த பொந்துக்குள் இறுக்கமாகச் செலுத்துவது. மரம் நீளவாட்டில் அநேகமாகச் சுருங்காது, குறுக்குவாட்டில் சுருங்கும். ஈரம் காயாத மரத்தில் கழுந்து போட்டால் ஒரு சித்திரை வெயிலிலேயே தளர்ந்துவிடும், எந்தப் பசை போட்டாலும்.

மூட்டின் அருமையை நன்கு அறிந்தவர் ஜார்ஜ் நகாஷிமா. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்துக்காக 1937இல் வந்த இந்த ஜப்பானிய-அமெரிக்கக் கட்டடக் கலைஞர், அங்கேயே மரச்சாமான் வடிவமைப்பிலும் இறங்கினார். 1960இல் அவர் வடிவமைத்த 'கோனாய்ட்' நாற்காலிக்கு இரண்டே கால். இருக்கை முன்பக்கம் அந்தரத்தில் நீண்டு நிற்கும். அது நிற்காது என்று சொன்னவர்கள் உண்டு. நின்றது, மூட்டுகளின் தயவில்.

அடுத்த முறை நாற்காலி வாங்கப் போனால் காலைத் தட்டிப் பார்க்காதீர்கள். சாய்வைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பின்காலும் இருக்கைச் சட்டமும் சேருமிடத்தைக் குனிந்து பாருங்கள். அங்கே வெறும் ஆணியோ திருகாணியோ மட்டும் தெரிந்தால் வேறு கடை பாருங்கள்.